கேள்வி–பதில்: உறையும் வீடியோ கால், பூட்டிக்கொள்ளும் எக்ஸெல், ராத்திரியில் அணையும் போன்கள்

ஆபீஸ் நெட்வொர்க் பற்றி வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே மாதிரிதான் முடிகின்றன: "பெரிய இன்டர்நெட் பிளானுக்கு மாறிவிடலாமா?" மாறலாம். ஆனால் அதற்கு முன்பு எந்த இடத்தில் அடைக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். பெரும்பாலும் அடைப்பு ஆபீஸுக்குள்ளேயே இருக்கிறது.

வணக்கம் சார். எங்களுடையது 14 பேர் வேலை செய்யும் ஆடிட்டர் ஆபீஸ். காலை 11 மணிக்கு மேல் கிளையன்ட்டோடு வீடியோ காலில் உட்கார்ந்தால் குரல் விட்டு விட்டு வருகிறது, படம் உறைந்து நிற்கிறது. வேகச் சோதனையில் டவுன்லோட் 96, அப்லோட் 19 எம்பிபிஎஸ் காட்டுகிறது. 300 எம்பிபிஎஸ் பிளான் எடுத்தால் தீருமா?
– அலுவலக மேலாளர், தி.நகர்

96 என்ற எண்ணை விட்டுவிடுங்கள், 19-ஐப் பாருங்கள். வீடியோ காலில் உங்கள் முகமும் குரலும் வெளியே போவது அப்லோட் வழியாக. ஓரளவு தெளிவான படத்துக்கு ஒரு ஆளுக்குச் சுமார் 1.5 எம்பிபிஎஸ் அப்லோட் வேண்டும். எட்டுப் பேர் கேமராவைப் போட்டால் 12 ஆகிவிட்டது. அதே நேரத்தில் யாரோ ஸ்கேன் செய்த பிடிஎஃப் கட்டு ஒன்று கிளவுடுக்கு ஏறிக்கொண்டிருந்தால், மிச்சமிருக்கும் 7-ஐயும் அதுவே எடுத்துக்கொள்ளும். கிளவுட் பேக்கப் மென்பொருள்கள் கிடைத்த அளவு எடுத்துக்கொள்ளும் குணம் கொண்டவை.

அப்லோட் நிரம்பியதும் ரௌட்டர் பாக்கெட்டுகளை (சின்னச் சின்ன டேட்டா துண்டுகளை) உடனே தூக்கி எறிவதில்லை, வரிசையில் நிறுத்தி வைக்கிறது. கேடு அங்கேதான். ரௌட்டரில் 1 எம்பி அளவுக்கு வரிசை சேர்ந்துவிட்டால் அது 80 லட்சம் பிட். 19 எம்பிபிஎஸ் வேகத்தில் அது வெளியேற ஏறக்குறைய 0.4 விநாடி ஆகும். பின்னால் வரும் குரல் பாக்கெட்டும் அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும். பேச்சுக்கு ஒரு வழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. 400-ஐத் தொட்டால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து, "நீங்க சொல்லுங்க" என்று மாறி மாறி நிற்பார்கள்.

இதை உறுதிசெய்ய ஒரு சோதனை. கால் நடக்கும்போது, வைஃபையில் இருக்கும் ஒரு லேப்டாப்பில் கமாண்ட் ப்ராம்ப்ட் ஜன்னல் இரண்டைத் திறங்கள். ஒன்றில் உங்கள் ரௌட்டரின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1), இன்னொன்றில் 8.8.8.8-க்கு (வெளியே இருக்கும் கூகுள் சர்வர்), நிற்காமல் ஓடும்படி பிங் (பதில் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் கட்டளை) கொடுங்கள். பத்து நிமிடம் ஓடட்டும். ரௌட்டருக்கான பதில் 2, 3 மில்லி விநாடியில் நிலையாக இருந்து, வெளியே போகும் பிங் மட்டும் 15-லிருந்து 400-க்குத் தாவினால் வரிசைதான் பிரச்சினை. ரௌட்டருக்கான பதிலே 80, 120 என்று ஆடினால் கோளாறு வைஃபையில். அப்போது 300 என்ன, 1000 எம்பிபிஎஸ் பிளான் எடுத்தாலும் பயன் இல்லை.

முதல் வகை என்றால்: கிளவுட் பேக்கப்பை ராத்திரி 8 மணிக்கு மேல் மாற்றுங்கள். ஒன்டிரைவ் போன்றவற்றில் அப்லோட் வேகத்துக்கு வரம்பு வைக்கும் வசதி அமைப்புகளிலேயே இருக்கிறது. பிறகு ரௌட்டரில் வரிசையை ஒழுங்குபடுத்தும் 'ஸ்மார்ட் க்யூ' அல்லது 'எஸ்க்யூஎம்' வசதி இருந்தால் அதை இயக்கி, அப்லோட் அளவை உண்மையான வேகத்தில் 85–90 சதவீதமாக, உங்களுக்கு 16 அல்லது 17 எம்பிபிஎஸ் என்று வையுங்கள். கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுப்பதால் வரிசை உங்கள் ரௌட்டரில் உருவாகும், குரலை முன்னால் அனுப்பும் அதிகாரமும் அதற்குக் கிடைக்கும். இணைப்பு நிறுவனம் தரும் இலவச ரௌட்டரில் இந்த வசதி பெரும்பாலும் இருக்காது. அந்தப் பெட்டியை பிரிட்ஜ் மோடில் (இணைப்பை மட்டும் கடத்தும் நிலையில்) போடச் சொல்லி, பின்னால் உங்கள் சொந்த ரௌட்டரை வையுங்கள்.

இரண்டாவது வகை என்றால்: தி.நகர் போன்ற நெருக்கமான இடத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை கிட்டத்தட்ட நிரம்பி வழியும். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. லேப்டாப்புகளை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். மீட்டிங் அறைக்கு மட்டுமாவது ஒரு கேட் 6 நெட்வொர்க் ஒயர் இழுத்துவிடுங்கள். ஒயருக்கு ஆகும் செலவு ஒருமுறைதான், பிளானின் வித்தியாசம் மாதாமாதம்.

எங்கள் ஏற்றுமதி நிறுவனத்தில் 24 பேர். எல்லா ஃபைலும் ஒரு விண்டோஸ் 11 கம்ப்யூட்டரில் ஷேர் செய்த ஃபோல்டரில் இருக்கின்றன. இரண்டு தொல்லை. ஒன்று, மதியத்துக்கு மேல் யாராவது இரண்டு மூன்று பேருக்கு ஃபோல்டரே திறக்காது. தினம் வேறு வேறு ஆள். இரண்டாவது, ஷிப்மென்ட் எக்ஸெல்லை யாருமே திறக்காதபோதும் 'இன்னொருவர் திறந்திருக்கிறார்' என்று சொல்கிறது. அதனால் ஆளுக்கொரு நகல் வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள்.
– கணக்குப் பிரிவு, பாரிமுனை

முதல் தொல்லைக்கு மர்மம் எதுவும் இல்லை. சாதாரண விண்டோஸ் 10, 11 கம்ப்யூட்டர், ஷேர் ஃபோல்டருக்கு ஒரே நேரத்தில் 20 இணைப்புகளைத்தான் அனுமதிக்கும். இது மைக்ரோசாஃப்ட் உரிமத்திலேயே உள்ள வரம்பு. நீங்கள் 24 பேர். எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு, கடைசியாகத் திறப்பவருக்கு வாசல் மூடியிருக்கும். விண்டோஸ் சர்வர் வாங்கலாம். இந்த அளவு ஆபீஸுக்கு இரண்டு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் எல்லோருக்கும் பொதுவான சேமிப்புப் பெட்டி) ஒன்று போதும் என்பது எங்கள் எண்ணம். இரண்டு டிஸ்கையும் ரெய்டு 1-இல் (இரண்டிலும் ஒரே டேட்டா எழுதப்படும் முறை) வையுங்கள். ஆனால் ரெய்டை பேக்கப் என்று நினைத்துவிடாதீர்கள்: ஒரு டிஸ்க் செத்தால் அது காப்பாற்றும். யாராவது ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்கிலும் அந்த நொடியே அழியும். நாஸில் தினசரி ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து ஃபைல்களின் நிலைப் பதிவு), வாரம் ஒருமுறை கழற்றி வைக்கும் வெளி டிஸ்க், ஆபீஸுக்கு வெளியே ஒரு நகல், இந்த மூன்றும் வேண்டும்.

இரண்டாவது தொல்லை. எக்ஸெல் ஒரு ஃபைலைத் திறந்ததும் அதே ஃபோல்டரில் ~$ என்று தொடங்கும் சின்ன மறைவு ஃபைல் ஒன்றை உண்டாக்கும். திறந்தவரின் பெயர் அதில்தான் இருக்கும். மூடும்போது அது தானாக அழிய வேண்டும். வைஃபை நடுவில் அறுந்தாலோ, கம்ப்யூட்டர் தொங்கி பவர் பட்டனை அழுத்தி அணைத்தாலோ அது அப்படியே தங்கிவிடும். அடுத்தவர் திறந்தால் பழைய பெயரைக் காட்டும். தீர்வு: ஃபைல் இருக்கும் கம்ப்யூட்டரில் 'கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்' திறந்து, 'ஷேர்டு ஃபோல்டர்ஸ்' கீழே 'ஓபன் ஃபைல்ஸ்' பாருங்கள். அந்த ஃபைலை யாரும் உண்மையில் பயன்படுத்தவில்லை என்று குரல் கொடுத்துக் கேட்டுவிட்டு, அந்த இணைப்பை மூடுங்கள். பிறகு மறைவு ஃபைல்களைக் காட்டச் செய்து ~$ ஃபைலை அழியுங்கள்.

இதெல்லாம் தற்காலிக வைத்தியம். மூன்று பேர் ஒரே ஷீட்டில் நாள் முழுக்க எழுத வேண்டும் என்றால் அந்த ஒரு ஃபைலுக்கு ஷேர் ஃபோல்டர் சரியான இடமே இல்லை. அதை ஒன்டிரைவ், ஷேர்பாயின்ட் அல்லது கூகுள் ஷீட்ஸுக்கு மாற்றுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதலாம், யார் எப்போது எந்தக் கட்டத்தை மாற்றினார்கள் என்று பின்னால் போய்ப் பார்க்கலாம். எக்ஸெல்லிலேயே இருக்க விரும்பினால் ஃபைல் புதிய எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவத்தில் இருக்க வேண்டும். 2003 காலத்து எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் சேர்ந்து எழுத முடியாது. மாற்றும் நாளன்று பழைய ஃபைலைப் 'படிக்க மட்டும்' ஆக்கிவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் ஒரு வாரத்தில் பாதிப் பேர் பழையதிலும் பாதிப் பேர் புதியதிலும் எழுதியிருப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. டாலி கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டரை மட்டும் ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் போன்ற ஸிங்க் ஃபோல்டருக்குள் வைத்து ஓட்டாதீர்கள். டாலி எழுதிக்கொண்டிருக்கும் ஃபைலை ஸிங்க் மென்பொருளும் அதே நேரத்தில் தொட்டால் டேட்டா கெட்டுப்போகும். டாலியின் பேக்கப் ஃபைலை அங்கே வைக்கலாம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரண்டு ஷெட், நடுவில் 140 மீட்டர். கேட் 6 இழுத்தோம். சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. மழைக்காலத்தில் நெட்வொர்க் ஸ்விட்ச்சின் (பல ஒயர்களை இணைக்கும் பெட்டி) போர்ட் இரண்டு முறை எரிந்தது. நுங்கம்பாக்கம் ஆபீஸையும் இதோடு இணைத்து, ஸ்டாக்கை எல்லா இடத்திலும் ஒன்றாகப் பார்க்க வேண்டும். என்ன வாங்க வேண்டும் சார்?
– ஃபேக்டரி பொறுப்பாளர், அம்பத்தூர்

காப்பர் ஈதர்நெட்டுக்கு எல்லை 100 மீட்டர்: சுவருக்குள் 90, இரண்டு முனையிலும் உள்ள பேட்ச் கார்டுகளுக்கு (சின்ன இணைப்பு ஒயர்கள்) மொத்தம் 10. நடுவில் ஒரு ஸ்விட்ச் வைத்து நீட்டலாம் என்று சொல்வார்கள். உங்கள் இடத்தில் வேண்டாம். காரணம் தூரம் மட்டும் இல்லை. இரண்டு ஷெட்டுக்கும் எர்த் தனித்தனி. வெல்டிங் மிஷின், பெரிய மோட்டார் ஓடும் இடத்தில் இரண்டு எர்த்துக்கும் நடுவே மின்னழுத்த வித்தியாசம் இருக்கும். பக்கத்தில் இடி விழுந்தால் அது பல மடங்காகும். அந்த வித்தியாசம் பாய்வதற்கு நீங்களே ஒரு செம்புப் பாதை போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். போர்ட் எரிவது அதனால்தான்.

ஃபைபர் போடுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. 6 கோர் (இழை) உள்ள சிங்கிள் மோட் கேபிள் வாங்கி, 2 கோரை மட்டும் ஸ்ப்ளைஸ் செய்து (முனையை ஒட்டி) பயன்படுத்துங்கள். மற்ற நான்கும் உபரி. லாரி ஏறிக் கேபிள் நசுங்கினால் அன்றைக்கு அது உதவும். எலித் தொல்லைக்காக இரும்புக் கவசம் போட்ட கேபிள் எடுத்தால், அந்தக் கவசத்தை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். இரண்டு முனையிலும் எர்த் செய்தால் பழைய பிரச்சினையை மறுபடி உண்டாக்கியது போல. இரண்டு முனைக்கும் எஸ்எஃப்பி போர்ட் (ஃபைபர் மாட்யூல் செருகும் இடம்) உள்ள ஸ்விட்ச், 1 ஜிகாபிட் சிங்கிள் மோட் மாட்யூல் ஒவ்வொன்று. ஒற்றை இழையில் இரு திசையும் ஓட்டும் மாட்யூல் வாங்கினால் 1310, 1550 நானோமீட்டர் என்று ஜோடி மாறி இருக்க வேண்டும். கடையில் ஒரே வகையில் இரண்டு கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது, லைட்டே எரியாது. பெட்டியைப் பிரிக்கும் முன் எண்ணைப் பாருங்கள்.

நுங்கம்பாக்கத்துக்கு, இரண்டு ரௌட்டருக்கும் நடுவே விபிஎன் (இன்டர்நெட் வழியாகப் போகும் தனி, பாதுகாப்பான இணைப்பு). அமைப்பதற்கு முன் இரண்டு விஷயங்களைச் சரிபாருங்கள்.

முதலில், இரண்டு இடத்திலும் ஐபி முகவரி 192.168.1 என்றே தொடங்குகிறதா? பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், ரௌட்டர் பெட்டியிலிருந்தே அப்படித்தான் வருகிறது. அப்படியே விட்டால் நுங்கம்பாக்கத்துக் கம்ப்யூட்டர் 192.168.1.50-ஐத் தன் அறைக்குள்ளேயே தேடும், அம்பத்தூருக்குப் போகாது. ஆள் குறைவாக இருக்கும் பக்கத்தை 10.20.1 என்று மாற்றுங்கள். பிரின்டர், கேமரா, வருகைப் பதிவு மிஷின் இவற்றில் கையால் போட்ட முகவரிகளையும் மாற்ற வேண்டும். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.

அடுத்து, ஒரு பக்கமாவது உண்மையான பொது ஐபி (வெளியிலிருந்து நேரடியாக எட்டக்கூடிய முகவரி) வேண்டும். ரௌட்டரின் வான் (வெளிப்பக்க) முகவரி 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால், இணைப்பு நிறுவனம் பலரையும் ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று அர்த்தம். வெளியிலிருந்து உள்ளே நுழைய முடியாது. ஸ்டாடிக் ஐபி (மாறாத பொது முகவரி) கேட்டு வாங்குங்கள்.

விபிஎன் ஏறிய பிறகு பிங் போகிறது, ஆனால் பெரிய ஃபைல் மட்டும் பாதியில் நிற்கிறது என்றால், பாக்கெட் அளவு பெரிதாக இருக்கிறது. ரௌட்டரில் அந்த அளவைக் குறைக்கும் எம்எஸ்எஸ் கிளாம்பிங் என்ற தேர்வை இயக்கினால் போதும்.

தினமும் மாலை ஆறரை, ஏழு மணிக்கு மேல் ஐபி போன்கள் அணைந்து அணைந்து வருகின்றன. பகலில் ஒன்றும் இல்லை. போனை மாற்றியும் பார்த்துவிட்டோம்.
– மருத்துவமனை வரவேற்பறை, அண்ணா நகர்

போனில் குறை இல்லை. அதே பிஓஇ ஸ்விட்ச்சில் (நெட்வொர்க் ஒயரிலேயே மின்சாரமும் தரும் ஸ்விட்ச்) சிசிடிவி கேமராவும் இருக்கிறதா? இருட்டியதும் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரிகின்றன, மின் தேவை கூடுகிறது. ஸ்விட்ச்சின் ஒரு போர்ட் 15.4 வாட் வரை தரலாம் என்பது வேறு, எல்லா போர்ட்டும் சேர்ந்து எவ்வளவு தரும் என்பது வேறு. 8 போர்ட் ஸ்விட்ச்சில் மொத்த வரம்பு 60 வாட்தான் என்றால், வரம்பு தாண்டியதும் அது ஏதோ ஒரு போர்ட்டை வெட்டும். ஸ்விட்ச்சின் அடியில் ஒட்டிய லேபிளில் மொத்த வாட் இருக்கும். கேமராக்களின் இரவு நேர வாட், போன்களின் வாட் இரண்டையும் கூட்டிப் பாருங்கள், மேலே 20 சதவீதம் இடம் விடுங்கள். உடனடி நிவாரணத்துக்கு இரண்டு கேமராவை அடாப்டருக்கு மாற்றுங்கள். ஸ்விட்ச்சில் போர்ட் முன்னுரிமை இருந்தால் போன்களுக்கு உயர்வு கொடுங்கள். மருத்துவமனை என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

காலையில் வருபவர்களில் சிலருக்கு மட்டும் பிரின்டர், சர்வர் எதுவும் வராது. இன்டர்நெட் சில சமயம் வரும். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும், மறுநாள் வேறு ஆளுக்கு.
– பயிற்சி மையம், கோடம்பாக்கம்

யாரோ வைஃபை சரியாக எட்டவில்லை என்று வீட்டிலிருந்து பழைய ரௌட்டரைக் கொண்டுவந்து, மேஜைக்கடியில் அதன் லேன் (உள்பக்க) போர்ட்டில் ஆபீஸ் ஒயரைச் செருகியிருப்பார்கள். அதுவும் ஐபி முகவரி வழங்க ஆரம்பித்துவிட்டது. எது முந்துகிறதோ அந்த முகவரி கிடைக்கும். அதனால்தான் தினம் ஆள் மாறுகிறது.

சிக்கிய கம்ப்யூட்டரில் முழு ஐபி விவரத்தை எடுத்து, 'டிஹெச்சிபி சர்வர்' (ஐபி முகவரி வழங்கிய பெட்டி) என்ற வரியைப் பாருங்கள். அது உங்கள் ரௌட்டரின் முகவரியாக இல்லாவிட்டால் திருடன் அவன்தான். அந்த முகவரியைப் பிரவுசரில் போட்டால் பெரும்பாலும் லாகின் பக்கத்திலேயே மாடல் பெயர் தெரியும், அந்தப் பெட்டியைத் தேடிப் பிடிக்கலாம். மேனேஜ்டு ஸ்விட்ச் (அமைப்புகளை மாற்றக்கூடிய ஸ்விட்ச்) இருந்தால், வேறு பெட்டி முகவரி வழங்குவதைத் தடுக்கும் 'டிஹெச்சிபி ஸ்னூப்பிங்' இயக்குங்கள், இனி இது நடக்காது. கொண்டுவந்தவரைத் திட்டுவதைவிட அவர் மேஜையில் வைஃபை ஏன் எட்டவில்லை என்று பார்ப்பது நல்லது.

ஆபீஸ் முழுவதும் ஒரே நொடியில் நின்று, ஸ்விட்ச்சின் எல்லா விளக்கும் சேர்ந்து வெறி பிடித்தது போல் மின்னினால் அது வேறு நோய்: ஒரே ஒயரின் இரு முனையும் ஒரே நெட்வொர்க்கில் செருகப்பட்டு வளையம் உண்டாகியிருக்கிறது. மற்ற ஸ்விட்ச்களுக்குப் போகும் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் மின்னல் அடங்குகிறதோ அந்தப் பக்கம் போய்த் தேடுங்கள்.

எங்கள் தொண்டு நிறுவனத்தில் எல்லா வேலையும் வாட்ஸ்அப் குரூப்பில்தான். ஒருங்கிணைப்பாளர் வேலையை விட்டுப் போனதும் பயனாளிகள் பட்டியலும் போட்டோக்களும் அவர் சொந்த மெயிலிலேயே போய்விட்டன. என்ன செய்வது?
– நிர்வாகி, வியாசர்பாடி

போனதைப் பணிவாகக் கேட்டு வாங்குவதைத் தவிர வழியில்லை. அந்தக் கணக்கு அவருடையது. இனிமேல் நடக்காமல் இருக்க, நிறுவனத்தின் டொமைனில் கணக்கு கொடுங்கள். பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்களுக்கு கூகுள், மைக்ரோசாஃப்ட் இரண்டுமே இலவச அல்லது சலுகைத் திட்டம் வைத்திருக்கின்றன. பட்டியலும் போட்டோவும் தனி நபரின் 'மை டிரைவ்' உள்ளே இருக்கக் கூடாது, 'ஷேர்டு டிரைவ்' உள்ளே இருக்க வேண்டும். அங்கே ஃபைலின் உரிமை நிறுவனத்துக்கு. ஆள் போனாலும் ஃபைல் போகாது.

வாட்ஸ்அப்பை நிறுத்தச் சொல்லவில்லை. "பஸ் லேட், பத்து நிமிஷம்" என்பதற்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் பயனாளிகளின் ஆதார் போட்டோவை அங்கே போடாதீர்கள். குரூப்பில் இருக்கும் ஒவ்வொருவர் போனிலும் அது தங்கிவிடும், உங்களால் திரும்பப் பெற முடியாது. தனிநபர் தரவுக்கு நீங்கள் பொறுப்பு என்று 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது.

ஒருவர் விலகும் நாளில் வரிசை முக்கியம்: முதலில் பாஸ்வேர்டை மாற்றி, எல்லா சாதனத்திலிருந்தும் வெளியேற்றுங்கள். பிறகு டிரைவ் உரிமையை இன்னொருவருக்கு மாற்றுங்கள். மெயில் யாருக்குப் போக வேண்டும் என்று வழிமாற்றுங்கள். கணக்கை அழிப்பது கடைசி. கூகுள் வொர்க்ஸ்பேஸில் அழித்த கணக்கை 20 நாளுக்குள்தான் மீட்க முடியும்.

எங்கள் கம்பெனி டொமைனிலிருந்து போகும் இன்வாய்ஸ் மெயில்கள் எல்லாம் ஸ்பாமில் விழுகின்றன.
– விற்பனைப் பிரிவு, கிண்டி

பில்லிங் மென்பொருள் வேறு சர்வர் வழியாக உங்கள் பெயரில் மெயில் அனுப்புகிறதா? அதை உங்கள் எஸ்பிஎஃப் பதிவில் (உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்பலாம் என்ற சர்வர்களின் பட்டியல்) சேர்க்காவிட்டால் போலி மெயில் போலத்தான் தெரியும். பலர் அதற்காக இரண்டாவது எஸ்பிஎஃப் பதிவு ஒன்று போட்டுவிடுகிறார்கள். ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. ஒன்றாகச் சேர்த்து எழுதுங்கள், அதைச் சரிபார்க்கத் தேவைப்படும் டிஎன்எஸ் தேடல் 10-ஐத் தாண்டக் கூடாது. பிறகு பில்லிங் மென்பொருளிலும் டிகேஐஎம் கையெழுத்தை (மெயில் உங்களுடையதுதான் என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை) இயக்குங்கள். டிமார்க்கை (இந்தச் சோதனைகளில் தோற்ற மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் பதிவு) முதலில் 'கவனிப்பு மட்டும்' நிலையில் வைத்து, சில வாரம் அறிக்கைகளைப் பார்த்த பிறகு இறுக்குங்கள்.

இன்னொன்று: 20 எம்பி இணைப்பு மெயிலில் போகும்போது குறியாக்கத்தால் மூன்றில் ஒரு பங்கு கூடி 27 எம்பி ஆகிறது. பெறுபவரின் சர்வர் வரம்பு 25 என்றால் திரும்பி வரும். பெரிய ஃபைலுக்கு லிங்க் அனுப்புங்கள்.

வேளச்சேரியில் தரைத்தளத்தில் ஆபீஸ். 2015, 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த பயம் இருக்கிறது. இரண்டு இன்டர்நெட் இணைப்பு, யுபிஎஸ் எல்லாம் இருந்தும் போன மழையில் கரண்ட் போனதுமே எல்லாம் நின்றது.
– சிறு மென்பொருள் நிறுவனம், வேளச்சேரி

ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டி யுபிஎஸ்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். வாசல் பக்கம் சுவரில் தனியாக, சாதாரண பிளக்கில் இருக்கும். சர்வருக்கு யுபிஎஸ் போட்டவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி உள்ள சின்ன யுபிஎஸ், ஓஎன்டி, ரௌட்டர், ஸ்விட்ச் சேர்ந்து 40 வாட் இழுத்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாங்கும். சென்னை வெயிலில் அந்த பேட்டரிக்கு ஆயுள் இரண்டு, மூன்று வருடம்.

இரண்டு ஃபைபர் இணைப்பும் ஒரே மின்கம்பத்தின் வழியாக வந்தால் அவை இரண்டு இணைப்பு இல்லை. ஒன்றை 4ஜி அல்லது 5ஜி ரௌட்டராக மாற்றுங்கள், ஆண்டெனா ஜன்னலோரம் இருக்கட்டும். ரேக்கைச் சுவரில் 2015 தண்ணீர்க் கறை இருந்த உயரத்துக்கு மேலே ஏற்றி மாட்டுங்கள். தரையில் இருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களையும் சேர்த்து ஏற்றுங்கள்.

தானாக இணைப்பு மாறும் வசதி இயங்காததற்கு வழக்கமான காரணம் ஒன்று உண்டு. தெருவில் ஃபைபர் அறுந்தாலும் ஓஎன்டிக்கும் ரௌட்டருக்கும் நடுவே உள்ள ஒயர் நன்றாகத்தான் இருக்கும். ரௌட்டர் அதைப் பார்த்து 'இணைப்பு இருக்கிறது' என்று நம்பிவிடும். அதனால் வெளியே இரண்டு முகவரிக்குப் பிங் அனுப்பிப் பார்த்து முடிவெடுக்கும்படி அமையுங்கள். ஐந்து விநாடிக்கு ஒருமுறை, தொடர்ந்து மூன்று முறை பதில் இல்லை என்றால் மாற வேண்டும். சோதிக்கும்போது ரௌட்டர் ஒயரைப் பிடுங்காதீர்கள். ஓஎன்டிக்குள் வரும் ஃபைபரைக் கழற்றி, அதன் முனையை மூடி போட்டு வைத்து, ஒரு வீடியோ கால் ஓடிக்கொண்டிருக்க, எத்தனை விநாடியில் திரும்பி வருகிறது என்று பாருங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் இதை ஒருமுறை செய்துவிடுங்கள்.